காலி இடத்தின் விலை

2013-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் சான்பிரான்சிஸ்கோ நகரம், நிறுத்துமிடத்தில் வண்டி நிற்கிறதா என்று அறியத் தன் சாலையோரங்களில் பதித்திருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சென்சார்களை அணைத்துவிட்டது. பேட்டரிகளின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. புதியவற்றை வாங்கிப் பதிக்க நகரம் முனையவில்லை. ‘எஸ்எஃப்பார்க்’ என்ற பெயரில், அமெரிக்க மத்திய அரசின் சுமார் 2 கோடி டாலர் மானியத்தோடு நடந்த அந்தச் சோதனையைத்தான் ஸ்மார்ட் பார்க்கிங் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கருவி விற்பவர்களின் விளக்கப் படங்களில் அது தவறாமல் வரும். அதன் மையக் கருவி சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்ட செய்தி மட்டும் வராது. அப்படியானால் திட்டம் தோற்றுப்போனதா என்றால் அதுவும் இல்லை. 2017 டிசம்பரில், இடம் நிரம்பும் அளவுக்கேற்பக் கட்டணத்தை மாற்றும் அதே முறையைத் தன்னிடமிருந்த ஏறத்தாழ 28,000 மீட்டர்களுக்கும் விரிக்க நகரம் முடிவெடுத்தது. சென்சார் போய்விட்டது, முறை தங்கிவிட்டது. நகர மையங்களில் வண்டி நிறுத்தும் தொல்லைக்குத் தொழில்நுட்பம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். என் வாதம் சுருக்கமானது: சென்சாரின் பயன் ஓட்டுநருக்கு வழிகாட்டியதில் அதிகம் இல்லை. சாலையோரத்துக்கு விலை வைக்கும் அதிகாரத்தை எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு விதிக்குள் கொண்டுவர அது உதவியது. அந்த உதவிதான் மிஞ்சியது.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். காரில் இருக்கும் இரும்பு, தான் நிற்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே வளைத்துவிடும். அந்த வளைவை அளக்கும் காந்தமானி ஒன்று, ஒரு சிறு ரேடியோ, ஒரு பேட்டரி, இவ்வளவுதான் சென்சார். கார் வந்தால் ஒரு சமிக்ஞை, போனால் ஒரு சமிக்ஞை. பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் கருவி அதை வாங்கி மேலே அனுப்பும். தாளில் எழுதிப் பார்த்தால் இதில் தவற ஒன்றுமில்லை. ஆனால் சான்பிரான்சிஸ்கோ, மேலே ஓடும் கம்பிகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்களின் நகரம். தெருவுக்கடியில் வேறு பலவகைக் கம்பிகளும் குழாய்களும் ஓடுகின்றன. அவையெல்லாம் காந்தப்புலத்தைக் கலைத்தன. இல்லாத கார் இருப்பதாகவும், இருக்கும் கார் இல்லாததாகவும் பதிவுகள் வந்தன. கருவிகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தவிர, சென்சாருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இங்கே ஏதோ ஒரு வண்டி நிற்கிறது. அது யாருடையது, பணம் கட்டியதா, சரக்கு இறக்குகிறதா, ஊனமுற்றவரின் வண்டியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நகரத்தின் புத்திசாலித்தனம் என்று விளம்பரமானது உண்மையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் தெரிந்த ஒரு சாட்சி.

பொதுவாக மனத்தில் எழும் சித்திரம் வேறு. ஓட்டுநர் கைபேசியைத் திறக்கிறார். காலி இடம் வரைபடத்தில் தெரிகிறது. நேராகப் போய் நிறுத்துகிறார். ஊரைச் சுற்றும் அலைச்சல் ஒழிகிறது. இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஒரு தெருவோரத்தில் 20 இடங்கள், ஒவ்வொரு காரும் சராசரியாக ஒரு மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிடத்துக்கு ஓர் இடம் காலியாகும். அந்தத் தெருவை நாலைந்து பேர் வட்டமடித்துக்கொண்டிருந்தால், காலியான இடம் சில நொடிகள்கூட நிலைக்காது. ஐந்து நிமிடத் தொலைவிலிருந்து திரையில் அதைப் பார்ப்பவருக்கு அது முடிந்துபோன செய்தி. ஒரே காலி இடத்தைப் பத்துப் பேர் திரையில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்பது பேர் வீணாக அங்கே போய்ச் சேர்வார்கள். ஆக, இடம் தாராளமாகக் கிடைக்கிற தெருவில் வரைபடம் தேவையில்லை, கிடைக்காத தெருவில் அதனால் பயனில்லை. 2014-இல் அதே நகரத்தில் ‘மங்கி பார்க்கிங்’ என்ற செயலி இந்தக் குறையைத் தனக்கே உரிய வெட்கமின்மையோடு அம்பலப்படுத்தியது. பொதுத் தெருவில் நிறுத்தியிருப்பவர், தான் கிளம்பப்போவதை அடுத்தவருக்கு ஏலம் விடலாம் என்றது அது. நகரத்தின் அரசு வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா, பொதுச் சொத்தைத் தனியார் விற்பது குற்றம் என்று அதற்கு நோட்டீஸ் அனுப்பினார். சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் அந்த ஏலம் ஏன் எடுபட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நகரம் கேட்ட கட்டணத்துக்கும் அந்த இடத்தின் மதிப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசம் யாரிடமாவது போய்ச் சேரத்தான் வேண்டும். அன்று அது முந்தி வந்து நிறுத்தியவர் கையில் இருந்தது.

இந்த வித்தியாசத்தைப் பற்றிய யோசனை கணினிக் காலத்துக்கு முந்தியது. உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரில் நடப்பட்டது. மணிக்கு ஐந்து சென்ட். காலையில் வந்து மாலை வரை இடத்தை அடைத்துக்கொள்பவர்களை நகர்த்தி, கடைக்கு வருபவர்களுக்கு இடம் உண்டாக்குவதுதான் நோக்கம். 1954-இல் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி ஒரு படி மேலே போனார்: எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறதோ அதற்கேற்ப மீட்டரின் கட்டணமும் ஏறி இறங்க வேண்டும் என்று எழுதினார். அன்று அதைச் செய்யக் கருவி இல்லை. 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, மூன்றே நாளில் இறந்துபோனார். அவருடைய யோசனையை நகர நிர்வாகிகளின் காதுக்குக் கொண்டுபோனவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகப் பேராசிரியர் டொனால்டு ஷூப். 2005-இல் வெளியான ‘இலவச பார்க்கிங்கின் அதிக விலை’ என்ற தடித்த நூலில் அவர் சொன்ன மருந்து ஒரே வரியில் அடங்கும்: ஒவ்வொரு தெருவோரத்திலும் ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்கும்படியான மிகக் குறைந்த கட்டணத்தை வையுங்கள். ‘மிகக் குறைந்த’ என்பதை வாசிக்காமல் விட்டவர்களே அவரை அதிகம் திட்டினார்கள். அதே 2005-இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டி, 85 சதவீதம் நிரம்பும்படி கட்டணத்தை வைக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. இலக்கை எழுதிவைக்கத் தரையில் எதையும் பதிக்க வேண்டியிருக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோ இந்த யோசனையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. ஏழு பகுதிகளில் சுமார் 7,000 மீட்டர் இடங்கள், அதாவது நகரத்து மீட்டர்களில் கால் பங்கு. கூடவே நகரத்துக்குச் சொந்தமான 14 நிறுத்தகங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, கட்டணத்தில் கை வைக்காமல் விட்ட இரண்டு பகுதிகள். 2011 ஆகஸ்டில் கட்டணத்தை மாற்றத் தொடங்கினார்கள். விதியை யாரும் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரையிலான பிளாக்கில் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் மணிக்கு 25 சென்ட் கூடும். 60 முதல் 80 வரை என்றால் மாற்றம் இல்லை. 30 முதல் 60 வரை என்றால் 25 சென்ட் குறையும். 30-க்கும் கீழே போனால் 50 சென்ட் குறையும். எவ்வளவு குறைந்தாலும் 25 சென்ட்டுக்குக் கீழே போகாது, சாதாரண நாட்களில் 6 டாலரைத் தாண்டாது. காலை, நண்பகல் முதல் மூன்று மணி வரை, அதற்குப் பிந்தைய மாலை என்று நாள் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வார நாளுக்கு ஒரு கணக்கு, வார இறுதிக்கு ஒரு கணக்கு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றம். நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் எகிறும் என்று பயந்தவர்களும் உண்டு, அதை எதிர்பார்த்து வந்த தொழில்நுட்ப ஆர்வலர்களும் உண்டு. இரு தரப்புமே ஏமாந்தன. நொடிக்கு நொடி செய்தி அனுப்பும் கருவியை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும்? வண்டியை எடுப்பதற்கு முன்பே கட்டணம் தெரிந்தால்தானே ஒருவர் தன் முடிவை மாற்றிக்கொள்ள முடியும். வந்து சேர்ந்த பிறகு தெரியும் விலையால் அவருக்குக் கோபம் மட்டுமே வரும்.

2014-இல் நகரத்தின் போக்குவரத்து நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டில் பலரையும் திகைக்க வைத்தது கட்டணத்தைப் பற்றிய பகுதி. சோதனைப் பகுதிகளில் மீட்டர்களின் சராசரிக் கட்டணம் மணிக்கு 2.69 டாலரிலிருந்து 2.58 டாலராக, நிறுத்தகங்களின் சராசரி 3.45-லிருந்து 3.03-ஆக இறங்கியிருந்தது. ‘ஸ்மார்ட்’ என்ற பெயரில் வருவது எதுவானாலும் கடைசியில் பையிலிருந்து காசு எடுக்கத்தான் என்ற பொதுச் சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. கூட்டம் மிகுந்த சில பிளாக்குகளில் கட்டணம் ஏறியது. வேறு பல பிளாக்குகளில் அது தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருந்தது என்பது அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு தெருவில் மூச்சு முட்டுகிறது, ஒரு திருப்பம் தள்ளி அடுத்த தெருவில் பாதி காலி, இரண்டிலும் ஒரே கட்டணம் என்ற பழைய ஏற்பாட்டில், முதல் தெருவிலிருந்து ஒன்றிரண்டு கார்கள் இரண்டாவதற்கு நகர்ந்தாலே பிரச்சினை தணிந்துவிடும். நகர வேண்டியவர் எல்லோரும் அல்ல. இருநூறு அடி நடக்கத் தயங்காத ஒருவர் போதும். அந்த ஒருவர் யார் என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது; இரண்டு தெருவுக்கும் இடையே ஒரு டாலர் வித்தியாசம் இருந்தால் அவரே விலகிக்கொள்வார். சோதனைப் பகுதிகளில் இடம் தேடும் நேரம் 43 சதவீதம் குறைந்ததாக அறிக்கை சொன்னது. மாற்றாமல் விட்ட பகுதிகளில் அது 13 சதவீதம். இடம் தேடிச் சுற்றிய தூரம் 30 சதவீதம் குறைந்தது, அங்கே 6. நிற்கும் கார்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையாக நிறுத்திப் பாதையை அடைப்பது 22 சதவீதம் குறைந்தது, அங்கே 5.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. திட்டத்தை நடத்தியவர்களே திட்டத்தை அளந்தார்கள். அது முதல் தயக்கம். இரண்டாவது, கட்டணம் மட்டும் மாறவில்லை. பழைய மீட்டர்களின் இடத்தில் கடன் அட்டை வாங்கும் மீட்டர்கள் வந்தன. கைபேசியில் கட்டும் வசதி வந்தது. ஒரு மணி, இரண்டு மணி என்றிருந்த நேர வரம்பு பல இடங்களில் நான்கு மணியாக நீண்டது. அபராதச் சீட்டுகள் 23 சதவீதம் குறைந்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும். டொனால்டு ஷூப்பும் கிரெகரி பியர்ஸும் முதல் ஆண்டின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டண மாற்றங்களை ஆராய்ந்தபோது, கட்டணம் 10 சதவீதம் ஏறினால் நிரம்பும் அளவு சராசரியாக 4 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். ஆனால் அந்தச் சராசரிக்குள் பெரிய சிதறல் இருந்தது. கட்டணம் ஏறியும் கூட்டம் கூடிய பிளாக்குகளும் உண்டு. புது உணவகம் ஒன்று திறந்தால் போதும், எந்த விதியும் தடுமாறிவிடும். சராசரியைப் பற்றி இன்னொரு கூர்மையான ஆட்சேபம் ஆடம் மில்லார்ட்-பால் உள்ளிட்ட ஆய்வாளர்களிடமிருந்து வந்தது: 80 சதவீதம் என்பது மூன்று மணி நேரச் சராசரி என்றால், அதற்குள் பல நிமிடங்கள் முழுக்க நிரம்பியும் பல நிமிடங்கள் தாராளமாகவும் இருக்கலாம், ஓட்டுநர் சந்திப்பது சராசரியை அல்ல, தான் வந்து சேரும் அந்த நிமிடத்தை. ஆயினும் அவர்களே செய்த கணக்கிலும், போகப்போக, தேடிச் சுற்றுவது பாதிக்கும் மேல் குறைந்ததாகத்தான் தெரிந்தது. ‘நகர மையப் போக்குவரத்தில் 30 சதவீதம் இடம் தேடும் கார்கள்’ என்று எல்லோரும் ஒப்பிக்கும் எண்ணையும் இங்கே கழித்துவிட வேண்டும். 1927-க்கும் 2001-க்கும் இடையே நடந்த 16 ஆய்வுகளின் சராசரி அது. தேடல் மிகுந்த தெருக்களைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் போனார்கள் என்று ஷூப்பே எச்சரித்திருக்கிறார். எல்லா ஊருக்கும் அதை ஒட்டவைப்பது விற்பனையாளரின் வேலை. இவ்வளவையும் கழித்த பிறகும் நிற்பது ஒன்று: விலை இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறியபோது மக்கள் தங்கள் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். வரைபடம் மட்டும் தரப்பட்டிருந்தால் இது நடந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சென்சார் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பார்க்கிங் கட்டணத்தை உயர்த்துவது எந்த ஊரிலும் அரசியல் கேள்வி. கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்பார்கள். குடியிருப்பவர்கள் வரவுசெலவுத் துண்டை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்பார்கள். மன்ற உறுப்பினர்கள் அடுத்த தேர்தலை நினைப்பார்கள். எனவே கட்டணம் பத்தாண்டு அசையாமல் கிடந்து, கஜானா காலியாகும் ஆண்டில் ஒரேயடியாக, எல்லாத் தெருக்களுக்கும் ஒரே அளவில் ஏறும். அப்படி ஏறும் கட்டணத்தை வரி என்று மக்கள் நினைப்பதில் தவறில்லை, அது வரிதான். சான்பிரான்சிஸ்கோ இந்தச் சச்சரவின் இடத்தை மாற்றியது. கட்டணம் எவ்வளவு என்று வாதாடுவதை விட்டு, எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று ஒருமுறை வாதாடினார்கள். அது முடிந்தபின் கட்டணம் கணக்கிலிருந்து தானாக வந்தது, கணக்கு பொதுவில் வைக்கப்பட்டது. ‘என் தெருவுக்கு மட்டும் ஏன் ஏற்றினாய்’ என்று கேட்பவரிடம் அவர் தெருவின் எண்ணைக் காட்டலாம். அதைவிட முக்கியம், ‘என் தெருவுக்கு ஏன் இன்னும் குறைக்கவில்லை’ என்று அவரும் அதே எண்ணை எடுத்துக்கொண்டு கேட்கலாம். அதிகாரிக்கு விருப்பமில்லாவிட்டாலும் விதி குறைக்கச் சொன்னால் குறைத்தாக வேண்டும். முன் அனுபவமே இல்லாத இந்த ஏற்பாட்டை ஊர் நம்புவதற்கு, எவர் பக்கமும் சாயாத ஒரு சாட்சி தேவைப்பட்டது. எண்ணிக்கை மனிதர்களால் எடுக்கப்பட்டிருந்தால் முதல் மூன்று மாதத்திலேயே எண்ணியவர்களின் நேர்மை மீது சண்டை வந்திருக்கும். அந்தச் சண்டையைத் தவிர்க்க 2 கோடி டாலர் அதிகமா என்றால் அதிகம்தான். முதலில் செய்கிறவர் கொடுக்கும் அதிக விலை அது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது ஏழை பணக்காரன் பற்றியது. எல்லோருக்கும் பொதுவான தெருவை, கொடுக்க முடிந்தவனுக்கு ஒதுக்குவதுதானே இது? உணவகத்தில் பாத்திரம் கழுவ வருபவர் ஆறு டாலர் கொடுத்து நிறுத்துவாரா? கேள்வி நியாயமானது, அதற்கு ஷூப்பின் சீடர்கள் சொல்லும் பதில் சில வேளை ரொம்பவும் சுலபமாக இருக்கிறது. இடத்தைக் காசால் பங்கிடாவிட்டால் காத்திருப்பால் பங்கிடுவோம், காத்திருக்க நேரம் எல்லோருக்கும் சமம் என்பது அவர்கள் மறுக்க வரும் வாதம். அதை மறுப்பது எளிது: மணிக்கூலிக்கு வேலை செய்பவருக்குத் தாமதம் சம்பளப் பிடித்தம், மாதச் சம்பளக்காரருக்கு அது எரிச்சல் மட்டுமே. இலவசத் தெருவில் நாள் முழுக்க நிற்கும் கார் பெரும்பாலும் முதலில் வந்தவருடையது, ஏழையுடையது அல்ல. ஆனால் கேள்வி அதோடு தீரவில்லை. கூட்டம் நிறைந்த பிளாக்கிலிருந்து விலையால் தள்ளப்படுபவர் நிச்சயமாகக் கையில் குறைவாக வைத்திருப்பவர்தான். அவருக்கு இரண்டு தெரு தள்ளி மலிவான இடம் இருக்கிறதா, அதைவிட, கார் இல்லாமலே வர பஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இந்த முறை நியாயமா அநியாயமா என்று சொல்ல முடியும். சான்பிரான்சிஸ்கோவில் பார்க்கிங் மீட்டரும் ‘முனி’ என்று அழைக்கப்படும் நகரப் பஸ்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. மீட்டரில் விழும் பணம் பஸ்ஸுக்குப் போகிறது. பொதுப் போக்குவரத்துக்கே முதலிடம் என்பது 1973 முதல் அந்நகரத்தின் கொள்கை. அந்த இணைப்பு இல்லாத ஊரில் இதே விதியை நகலெடுத்தால், ஆட்சேபம் சொல்பவர் பக்கமே நியாயம் இருக்கும் என்பது என் கருத்து.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து, தொழில்நுட்பத்தை நம்புபவர்களிடமிருந்து வருவது. சென்சாரை அணைத்தது சிக்கனத்தால் வந்த பின்னடைவு, இன்று கருவிகள் மலிந்துவிட்டன, திரும்பப் பதிக்கலாமே என்பார்கள். சென்சார் இரண்டாண்டு வேலை செய்ததில் நகரத்துக்குக் கிடைத்தது என்ன என்று பார்த்தால் இதற்கு விடை தெரியும். ஒரு பிளாக்கில் இவ்வளவு பேர் பணம் கட்டியிருந்தால் உண்மையில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கும் என்ற உறவை அந்த இரண்டாண்டுத் தரவிலிருந்து கணித்துவிட்டார்கள். மீட்டரும் கைபேசியும் பணம் கட்டியதை எப்படியும் பதிவு செய்கின்றன; அதிலிருந்து நிரம்பும் அளவை மதிப்பிட்டு, அதே விதியைத் தொடர்ந்தார்கள். கட்டிடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல, கருவி தன் வேலையை முடித்துவிட்டது. இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஊனமுற்றோருக்கான அட்டை வைத்திருக்கும் கார், மீட்டர் இடத்தில் காசில்லாமல், நேர வரம்பில்லாமல் நிற்கலாம். பணப் பதிவுக்கு அந்தக் கார் கண்ணில் படாது. விலை ஏறும் தெருவில் அப்படிப்பட்ட அட்டைகள் கூடினால் கணிப்பும் பிசகும். உண்மையான தேவை உள்ளவர் யார், பாட்டியின் அட்டையை மாட்டிக்கொண்டு வருபவர் யார் என்று சென்சாராலும் சொல்ல முடியாது என்பதால், கருவியைத் திரும்பப் பதிப்பதும் இதற்கு மருந்தாகாது. சியாட்டில் நகரம் வேறு வழியில் போனது: ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பி நிற்கும் கார்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துப் பகுதிக்குப் பகுதி கட்டணத்தைத் திருத்தி வந்தது. அதுவும் நடந்தது.

தொழில்நுட்பத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஞாயிற்றுக்கிழமைகள் காட்டின. 2013 ஜனவரியில் நகரம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மீட்டரை ஓடவிட்டது. கடைத்தெருக்களில் இடம் கிடைப்பது எளிதானது என்று நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் சொந்த ஆய்வே சொன்னது. தேவாலயங்களும் குடியிருப்போரும் முணுமுணுத்தார்கள். மேயர் எட் லீ அதை எடுத்துவிடச் சொன்னார். 2014 ஜூலையில் ஞாயிறு மறுபடியும் இலவசமானது. தரவு ஒரு பக்கம் இருந்தது, முடிவு மறுபக்கம் போனது. இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்த நகரத்துத் தெருவோரங்களில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. மீட்டர் உள்ளவை சுமார் 28,000. பத்தில் ஒன்பது பங்கில் விலையே கிடையாது. உலகின் மிகப் புத்திசாலியான பார்க்கிங் முறை அந்த நகரத்தின் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டது. புது மீட்டர் நடப்போகிறோம் என்று அறிவித்த குடியிருப்புகளிலெல்லாம் எதிர்ப்பு கிளம்பியது.

விலை வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ இருக்கிறது. 2008-இல் அந்நகரம் தன் 36,000 மீட்டர்களையும் 75 ஆண்டுகளுக்கு, சுமார் 115 கோடி டாலருக்கு, தனியார் முதலீட்டாளர்களுக்குக் குத்தகை விட்டது. நகரத்துக்கு வந்திருக்க வேண்டிய தொகையில் ஏறத்தாழ பாதி வரவில்லை என்று நகரத்தின் தலைமை ஆய்வாளரே பின்னர் அறிக்கை கொடுத்தார். பணம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அங்கே இனி ஒரு தெருவில் மீட்டரை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதை போடவோ, திருவிழாவுக்கு மூடவோ நினைத்தால், குத்தகைதாரருக்கு நஷ்டஈடு கணக்கிட்டாக வேண்டும். அந்த மீட்டர்களின் மேல் எத்தனை சென்சார் வைத்தாலும், அவை குத்தகைதாரருக்குத்தான் பேசும்.

நம் ஊர்களுக்கு இந்தக் கதையில் உள்ள தொடர்பு இந்த இடத்தில்தான் வருகிறது. 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் தன் வழிகாட்டுதல்களிலேயே ஸ்மார்ட் பார்க்கிங்கைச் சேர்த்திருந்தது. 2016 ஜனவரியில் வந்த முதல் இருபது நகரங்களின் பட்டியலில் சென்னையும் கோவையும் இருந்தன. கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் ஒரு கார் என்ற கணக்கில் பிறந்த சென்சார், இருசக்கர வண்டிகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் ஒரு கடைவீதியில் என்ன சொல்லும்? ஒரு கட்டத்தில் ஆறு ஸ்கூட்டர் நின்றாலும் அதற்கு ஒரே ‘ஆம்’தான். இது தொழில்நுட்பச் சிக்கல், கேமராவோ வேறு எதுவோ இதைத் தீர்த்துவிடலாம். தீராதது குத்தகை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் வண்டி நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் ஏலத்தில் போகின்றன; ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, ரசீதுப் புத்தகத்தோடு ஆளை நிறுத்தி வசூலிக்கிறார் எடுத்தவர். எத்தனை வண்டி வந்தது என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு. எனவே சான்பிரான்சிஸ்கோ சென்சாரைக் கைவிட உதவிய பணப் பதிவு இங்கே பெரும்பாலும் கிடையாது. வசூலைச் சரிபார்க்கும் தணிக்கையாளராகச் சென்சாருக்கு அங்கே இல்லாத ஒரு வேலை இங்கே உண்டு என்றுகூட வாதிடலாம். டெண்டர் எழுதும்போது கவனிக்க வேண்டியது அதுவும், இன்னொன்றும். குத்தகைதாரருக்கு இடம் நூற்றுக்கு நூறு நிரம்பினால் லாபம். நிரம்பி வழிந்து வாசலில் வண்டிகள் வரிசை கட்டினாலும் அவருக்கு நஷ்டமில்லை. நூற்றுக்குப் பதினைந்து இடம் காலியாக இருக்க வேண்டும், அதற்குத் தேவையான அளவு கட்டணம் ஏறலாம், தேவையில்லாத தெருவில் இறங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை அவர் எந்தக் காலத்திலும் தானாக எழுதப்போவதில்லை. அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டுமானால், ஏலம் விடுவதற்கு முன்பே மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டு அதைச் சேர்த்திருக்க வேண்டும்.